சாப்பிடும் உடம்பு

"எடை ஒரு ஆறு மாசம் ஏறாம இறங்காம நிக்கட்டும்மா. அப்புறம் தேதி பார்க்கலாம்" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். மார்பின் பாரத்தைக் குறைக்கும் ஆபரேஷனுக்காகத் தஞ்சாவூர் போய்வந்த ஆசிரியை அவள். பிராவின் பட்டை அழுந்தி அழுந்தி இரண்டு தோளிலும் பள்ளம் விழுந்திருக்கும். அளவெடுக்கும்போது என் விரல் அதில் போய் உட்காரும். கரும்பலகையில் மேல் வரி எழுதக் கையைத் தூக்கினால் பின்கழுத்து வரை இழுக்கிறது என்பாள். சித்திரை வந்தால் மடிப்பில் வேர்த்துப் புண். டாக்டரிடம் கேட்க நினைத்து வாய் வராமல் திரும்பிய கேள்வியை என் மிஷினுக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டாள். "இவ்வளவு வலிபட்டுப் பண்ணிக்கிட்டா, அப்படியே நிக்குமாக்கா?"

"நிக்காது" என்றேன். யோசிக்கவே இல்லை.

நான் ஆடுதுறையில் ஜாக்கெட் தைக்கிறவள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து இதுதான் தொழில். என்னிடம் ஒரு நீள நோட்டு உண்டு. மார்பு, இடுப்பு, உயரம், கைச்சுற்று, முன்கழுத்து, பின்கழுத்து என்று கட்டம் போட்டு ஆளுக்கொரு பக்கம். எல்லாம் பென்சிலில். "போன தடவை அளவுக்கே தைங்கக்கா" என்று சொல்லாத பெண் இல்லை. சொன்னபடி தைத்தால் ஹூக் மாட்டாது, இல்லையென்றால் கைக்குழியில் காற்று புகும். அதனால்தான் பக்கத் தையலில் உள்ளே ஓர் அங்குலம் துணி விடுவது. அதை ஒட்ட வெட்டிவிட்டு அழகாக ஓவர்லாக் அடித்துக் கொடுக்கிற தையல்காரரிடம் போகாதீர்கள். அவருக்கு உடம்பைப் பற்றி ஒன்றும் தெரியாது.

ஆசிரியைக்கு நான் சொன்ன பதில் அவசரத்தில் சொன்னதுதான், ஆனாலும் சரிதான். என் தங்கை மகள் சென்னையில் பிளாஸ்டிக் சர்ஜரி வார்டில் நர்ஸ். புரியாததை அவளிடம் கேட்டுக்கொள்வேன். மார்பு என்பது பால் சுரக்கும் பகுதியும் கொழுப்பும் சேர்ந்தது. அதைத் தாங்குவதற்கு நார்கள், மேலே தோல். இதில் கொழுப்பு எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் வேறு, வயதுக்கு வயது வேறு. அதனால்தான் ஒருத்திக்கு ஐந்து கிலோ குறைந்தால் முதலில் மார்பு குறைகிறது, இன்னொருத்திக்குக் கன்னம் ஒட்டிப்போனாலும் மார்பில் அரை அங்குலம் அசையமாட்டேன் என்கிறது. ஆபரேஷனில் குறைத்த மார்பிலும் மீதிக் கொழுப்பு இருக்கிறது. உடம்பு கனத்தால் அதுவும் கனக்கும். நன்றாக மெலிந்தால், தைத்து ஏற்றிய தோல் மறுபடி தளரும். பிள்ளைப்பேறு வேறு இருக்கிறது. ஆறு மாசம் எடை நிற்கட்டும் என்று டாக்டர் சொன்னது இதையெல்லாம் எண்ணித்தான். நிரந்தரமாக நிற்கும் என்று அவரும் நினைக்கவில்லை. வெட்டுகிற நாளில் உடம்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் எவ்வளவு எடுப்பது என்று கணக்குப் போட முடியும்.

இந்த ஊரில் எடை ஏறி இறங்குவது பெண்களின் சோம்பலாலோ பேராசையாலோ வந்த புது வியாதி அல்ல. ஆடுதுறையில் 1922-ல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஏடிடி 36, ஏடிடி 43 என்று நெல்லுக்கே எங்கள் ஊர்ப் பெயர். சுற்றிலும் வயல். நான் தைக்க ஆரம்பித்த காலத்தில் நடவுக்குப் போகிற பெண்களின் ஜாக்கெட் ஐப்பசியில் தொளதொளவென்று ஆகும், அறுவடை முடிந்து தை மாசி கழிந்தால் மறுபடி பிடிக்கும். பிரித்துவிடு, பிடித்துக்கொடு என்று ஒரே துணி வருஷத்துக்கு இரண்டு தடவை என்னிடம் வரும். இப்போது நடவு மிஷின் வந்துவிட்டது, ரேஷன் அரிசி இருக்கிறது, அந்த ஏற்ற இறக்கம் அவ்வளவாக இல்லை. அதற்குப் பதில் தைராய்டும் சர்க்கரையும் மாதவிடாய் நின்ற பிறகு வரும் சதையும். சோறு தின்கிற உடம்பு, தின்றதைக் காட்டுகிறது. உடம்பின் வெளி உறையை உபநிடதக்காரர்கள் அன்னத்தால் ஆனது என்று வைத்தார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு அது தத்துவமாகவே தோன்றவில்லை, அளவு நோட்டைப் படித்தது போலத்தான் இருந்தது.

அந்த ஆசிரியை ஒரு மார்கழியில் என்னோடு பக்கத்து ஊர்க் கோயிலுக்குச் சொற்பொழிவு கேட்க வந்திருந்தாள். காரைக்கால் அம்மையார் சரித்திரம். பேசியவர் நல்ல குரல்வளம் உள்ளவர். அம்மையார், அதாவது புனிதவதி, உடம்பை உதறிய கட்டத்துக்கு வந்ததும் நிறுத்தினார். "இன்னிக்கு என்னடான்னா, இருக்கறதைக் குறைக்க ஒரு ஆபரேஷன், இல்லாததை ஏத்த ஒரு ஆபரேஷன்! சதை நிக்குமா? நிக்காததுக்கு லட்ச லட்சமா செலவு!" ஆண்கள் பக்கமிருந்து சிரிப்பு. பெண்களும் கொஞ்சம் சிரித்தோம், கோயிலில் எல்லாரும் சிரித்தால் சிரிக்கத்தானே வேண்டும். பட்டினத்தாரிலிருந்து இரண்டு பாட்டு எடுத்துவிட்டார். பெண்ணின் மார்பைச் சதைப்பிண்டம், சீழ்ப்பை என்கிற ரகம். நான் பக்கத்தில் இருந்தவளைப் பார்க்கவில்லை. அவர் வயிறு மேல்துண்டுக்கு வெளியே நின்றதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் நிலையாமையைப் பற்றி அன்றைக்கு யாரும் பேசவில்லை.

பட்டினத்தாரை நான் குறை சொல்ல வரவில்லை. காவிரிப்பூம்பட்டினத்து மனிதர், நம்ம ஆள். ஆனால் அவரிடம் இரண்டு குரல் இருக்கிறது என்பதைச் சொற்பொழிவாளர்கள் சொல்வதில்லை. ஊர்ப் பெண்களின் உடம்பைக் கண்டு அருவருத்துப் பாடியவர்தான், தாய் இறந்தபோது சிதைக்கு முன் நின்று, தன்னை வயிற்றில் சுமந்து கையில் ஏந்திப் பால் கொடுத்தவளை எந்தப் பிறப்பில் காண்பேன் என்று அழுதார். அங்கே அந்த மார்பு பொன்னாகத் தெரிகிறது. இரண்டும் சதைதான். இரண்டும் வற்றக்கூடியதுதான். எல்லாம் துறந்தவருக்கே தாயின் உடம்பு என்றால் நிலையாமை பழிப்பாக வரவில்லை, துக்கமாக வந்தது. அப்படியென்றால் நிலையாமை என்பது உடம்பைப் பற்றிய ஒரு செய்தி மட்டும். அதைக் கேட்டு இளிப்பதா அழுவதா கவலைப்படுவதா என்பது செய்தியில் இல்லை, சொல்கிறவர் நிற்கும் இடத்தில் இருக்கிறது.

அம்மையாரின் கதையை நான் வேறு மாதிரி கேட்கிறேன். காரைக்கால் எங்களுக்கு ஒரு பஸ் தூரம். ஆனி மாங்கனித் திருவிழாவுக்கு மாடியிலிருந்து வீசும் மாம்பழத்துக்கு நானும் முந்தானை ஏந்தியிருக்கிறேன். சேக்கிழார் சொல்கிற வரிசையைப் பாருங்கள். அவள் கைக்குச் சிவனருளால் மாம்பழம் வந்த அற்புதத்தைக் கண்டு பயந்த கணவன் பரமதத்தன் கப்பலேறிப் போனவன் திரும்பவில்லை. பாண்டிநாட்டில் இன்னொருத்தியைக் கட்டி, பிறந்த பெண்ணுக்குப் புனிதவதி என்றே பெயர் வைத்தான். உறவினர்கள் அம்மையாரை அங்கே கொண்டுபோய் விட்டபோது மனைவி குழந்தையோடு அவள் காலில் விழுந்தான். அதற்குப் பிறகுதான் அவள் கேட்கிறாள்: இவனுக்காகச் சுமந்திருந்த அழகு இது, இனி எதற்கு, கழித்துவிடு. காரைக்காலில் அவன் வருவான் என்று காத்திருந்த வருஷங்களில் அவள் அழகைப் பழிக்கவில்லை, பேணியே வைத்திருந்தாள். கழித்ததும் அவளே கேட்டுக் கழித்தது. யாரும் மேடையில் ஏறி "சதை நிக்குமா?" என்று கேட்டு உதறவைக்கவில்லை. திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தின் தொடக்கத்திலேயே மார்பு வற்றி நரம்பு புடைத்த ஒரு பெண்பேயின் உருவத்தை எழுதிவைத்து, கடைசியில் தன்னையும் காரைக்கால் பேய் என்றே கையெழுத்திட்டாள். எலும்பும் தொங்கிய மார்புமாக அவளை வார்த்த சோழர் சிற்பிகளும், கங்கைகொண்டசோழபுரத்தில் ஆடவல்லான் காலடியில் உட்காரவைத்தவர்களும் அதை அவமானமாகச் செய்யவில்லை. கையில் தாளம், முகத்தில் சிரிப்பு. அந்தச் சிரிப்பு தன் உடம்பைத் தானே எப்படி வேண்டுமோ அப்படி ஆக்கிக்கொண்டவளின் சிரிப்பு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆகவே, வேண்டாம் என்று தன் உடம்பை மாற்றிக்கொண்டவளைக் காட்டி, வேண்டும் என்று மாற்றிக்கொள்கிறவளை அடிப்பது எந்த நியாயம்?

மணிமேகலையும் இதே கரைதான். துரத்திவந்த இளவரசன் உதயகுமரனிடம் ஒரு நரைத்த கிழவியைக் காட்டி, கூந்தல் தொடங்கி ஒவ்வோர் உறுப்பும் என்ன ஆகிறது என்று அடுக்குகிறாள். அது தன்னைக் காத்துக்கொள்ள ஒரு பெண் எடுத்த கேடயம். அதையே பறித்துப் பெண்கள்மேல் வீசினால் கல்லாகிவிடுகிறது.

டாக்டர் சொன்னதும் சொற்பொழிவாளர் சொன்னதும் ஒரே செய்திதான், சதை நிற்காது என்பது. டாக்டர் அதைச் சொல்லிவிட்டு "யோசிச்சு முடிவு பண்ணுங்க" என்றார். சொற்பொழிவாளர் சொல்லிவிட்டு முடிவையும் தானே எடுத்துக்கொண்டார். இரண்டு பேரில் டாக்டரைத்தான் நான் நல்ல சைவர் என்பேன், நெற்றியில் ஒன்றும் இல்லாவிட்டாலும்.

ஆடுதுறைக்குப் பக்கத்தில் திருவாவடுதுறை. திருமூலரின் ஊர், சரியாகச் சொன்னால் திருமூலரின் இரண்டாவது உடம்பின் ஊர். வடக்கேயிருந்து வந்த யோகி. சாத்தனூர் இடையன் மூலன் மேய்ச்சல் காட்டில் இறந்துகிடக்க, மாடுகள் சுற்றி நின்று கதறுகின்றன. இரக்கப்பட்டுத் தன் உடம்பை ஓரிடத்தில் மறைத்துவிட்டு மூலன் உடம்புக்குள் புகுகிறார். மாடுகள் சமாதானமாகிவிட்டன. மூலன் மனைவி ஆகவில்லை. கைதொட வந்தவளை அவர் விலக்க, அவள் ஊராரைக் கூட்டினாள். அவர்கள் பார்த்துவிட்டு இவர் யோகி, உன் புருஷன் இல்லை என்றார்கள். திரும்பிப் போனால் வைத்த இடத்தில் பழைய உடம்பு இல்லை. இருந்த உடம்பிலேயே இருந்து 3000 பாடல் பாடினார் என்பது வரலாறு. உடம்பைக் குற்றமுள்ளது என்று முன்னால் நினைத்திருந்தேன், உள்ளே இருக்கும் பொருளைக் கண்ட பிறகு பேண ஆரம்பித்தேன் என்று பாடியவர் அவர். அதுவும் எதை? தனக்குப் பிறவியில் வந்த உடம்பைக்கூட அல்ல, மாடு மேய்த்த ஒருவன் விட்டுப்போன உடம்பை. சொற்பொழிவாளர் பட்டினத்தாரோடு நிறுத்திக்கொண்டு அடுத்த ஊர்க்காரரை விட்டுவிட்டார். நேரமில்லை போலும்.

மூலன் உடம்பை நினைக்கும்போதெல்லாம் குத்தாலத்துக்குப் பக்கத்திலிருந்து வரும் ஒரு அம்மா ஞாபகம் வருவார். புற்றுநோய் வந்து இடது மார்பை எடுத்தார்கள். பிறகு சென்னையில், அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் ரத்தக்குழாயோடு கொண்டுவந்து மார்பாக வைத்துத் தைத்திருக்கிறார்கள். அந்த வைத்தியத்தில் விசேஷம், வைத்தது உயிரோடு இருக்கிறது; உடம்போடு சேர்ந்து சாப்பிடுகிறது. எடை ஏறினால் அதுவும் ஏறும், இறங்கினால் இறங்கும். "பொங்கலுக்குப் பொண்ணு வீட்டுல போயி நல்லாத் தின்னுட்டு வந்தேன், ரெண்டும் சேர்ந்தே ஏறிப்போச்சு, பாரு" என்று சிரிப்பார். அவருக்கு நான் வழக்கம்போல உள்துணி விட்டுத் தைக்கிறேன், அவ்வளவுதான்.

இன்னொருத்திக்கு அதே நோய், அதே பக்கம், ஆனால் சிலிக்கான் பை வைத்தார்கள். வைத்த வருஷம் இரண்டும் சமமாக இருந்தது. பிறகு அவளுக்குச் சர்க்கரை வந்து உடம்பு வற்றியது. தன் மார்பு இறங்கிவிட்டது, வைத்த மார்பு வைத்த இடத்தில் நிற்கிறது. மேலே சதை மெலிந்ததால் பையின் விளிம்பு சுருக்கமாகக் கையில் தட்டுகிறது. பெருத்தாலும் இதே கதைதான், தலைகீழாக. சிலிக்கான் பையை முதலில் ஒரு பெண்ணுக்கு வைத்தது 1962-ல், அமெரிக்காவின் ஹூஸ்டனில். அன்றிலிருந்து இன்றுவரை எத்தனையோ மாற்றிவிட்டார்கள். சாப்பிட மட்டும் அதற்குக் கற்றுக்கொடுக்க முடியவில்லை. ஆயுளுக்கும் வரும் பொருளும் இல்லை, கசியலாம், இறுகலாம், ஒருநாள் மாற்ற வேண்டிவரலாம். அவளுக்கு இடது வலது என்று தனித்தனியாக டாட் பிடிக்கிறேன், ஒரு பக்கம் பஞ்சு வைத்து.

அவளைத் தேற்றுகிறேன் என்று ஒருமுறை அர்த்தநாரியைப் பற்றிச் சொன்னேன். திருவெண்காட்டுச் செப்புத்திருமேனி, இப்போது எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருப்பது. ஒரு பக்கம் மட்டும் மார்பு, அதைவிட அழகான திருமேனி உண்டா என்று. "அது பாதி ஆம்பளைக்கா. நான் முழுப் பொம்பளை" என்றாள். சாமியை வைத்து ஆறுதல் சொல்வதை அன்றோடு குறைத்துக்கொண்டேன்.

சாமி என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று. எங்கள் தெருக் கோயில் அம்மனுக்கும் நான்தான் கொசுவம் வைத்துப் பாவாடை தைப்பது. ஒருமுறை அளவெடுத்ததோடு சரி. என் நோட்டில் பேனாவால் எழுதிய ஒரே பக்கம் அவளுடையது. சுவாமிமலையில் ஸ்தபதி ஓலையை மடித்து அளவு குறித்து, மெழுகில் உருவம் பிடித்து, காவிரி வண்டலைப் பூசி, உருக்கி மெழுகை வெளியே விட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார். மெழுகின் எடையைப்போல எட்டு, பத்து மடங்கு உலோகம். மண் கட்டும்வரைதான் அவர் மாற்றலாம், ஊற்றியபிறகு மாற்றினால் அது உளிவேலை. ஆயிரம் வருஷத்துக்கு முன் வார்த்த அம்மன்கள் தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் இன்றும் வார்த்த மேனிக்கே நிற்கிறார்கள். ஏன்? சாப்பிடுவதில்லை. சர்க்கரைப்பொங்கலையும் புளியோதரையையும் அவளுக்குக் காட்டிவிட்டு நாம் சாப்பிடுகிறோம்; அவள் அளவு நிற்கிறது, நம் அளவு ஏறுகிறது. கல்யாண ஆல்பத்தையும் சினிமாவையும் கையில் வைத்துக்கொண்டு "இப்படி வேணும்க்கா" என்று வருகிற பெண்கள் கேட்பது அந்த அளவைத்தான். டாக்டரிடம் போகிறவர்களிலும் சிலர் அதைத்தான் கேட்கிறார்கள் என்று தங்கை மகள் சொல்வாள். அங்கேதான் எனக்கு ஒரு நெருடல் இருக்கிறது, மறைக்கவில்லை. உடம்பை மாற்றிக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இனிமேல் மாறாது என்று நம்பி மாற்றிக்கொள்வதில்தான். அம்மன் அளவை விரும்புகிறவள் அம்மனைப்போலப் பட்டினி கிடக்க வேண்டியிருக்கும்.

2018 பிப்ரவரியில், சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பகச் சீரமைப்புக்கு இலவசப் பிரிவு தொடங்கினார்கள். அப்போதைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர், அழகு சிகிச்சை ஏழைக்கு மட்டும் ஏன் கூடாது, இங்கே செய்யாவிட்டால் கடன் வாங்கியோ ஆபத்தான இடத்திலோ போய்ச் செய்துகொள்வார்கள் என்ற பொருளில் பேசினார். நாட்டிலேயே முதல் என்று பேப்பரில் வந்தது. டெங்குவுக்கும் காசநோய்க்கும் போக வேண்டிய பணம் என்று எதிர்த்தவர்களும் உண்டு. அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது, அதை நான் தள்ளவில்லை. ஆனால் எங்கள் டீக்கடையில் எழுந்தது அந்த வாதம் அல்ல, கோயிலில் கேட்ட அதே சிரிப்பு. தோளில் பள்ளம் விழுந்த கூலிக்காரப் பெண்கள் எத்தனை பேரை நான் அளவெடுத்திருக்கிறேன். அவர்களுக்கு அது அழகா, வைத்தியமா? திருநங்கைகள் இரண்டு மூன்று பேர் என்னிடம் தைக்கிறார்கள். 2008-ல் நலவாரியம் வந்ததும் அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் வசதி வந்ததும் அவர்களுக்குப் பெரிய விஷயம். ஹார்மோன் மாத்திரையில் கொஞ்சம் வளர்ந்த மார்புக்கு ஒரு சுற்றுச் சதை பிடித்தால் நல்லது என்று வேண்டுமென்றே சோறு சாப்பிடுகிற ஒருத்தி, அங்குலம் ஏறியிருக்கிறதா என்று டேப்பை எட்டிப் பார்ப்பாள். என் கடையில் ஏறியதற்குச் சந்தோஷப்பட்டவள் அவள் ஒருத்திதான். நிலையாமை சிலரைக் காப்பாற்றவும் செய்கிறது. மாறாத உடம்பென்றால் அவள் கதி என்ன?

2025-ல் மவுஞ்சாரோ, வெகோவி என்று எடை குறைக்கும் ஊசிகள் இந்தியாவுக்கு வந்தபிறகு என் நோட்டில் ரப்பர் வேலை கூடிவிட்டது. பெங்களூரில் வேலை பார்க்கும் கும்பகோணத்துப் பெண்ணுக்குத் திருபுவனம் பட்டில் முகூர்த்த ஜாக்கெட். ஆடியில் அளவு கொடுத்தாள், ஆவணியில் வந்தபோது 39 இருந்த மார்பு 36. ஊசி என்று அவள் அம்மா ரகசியமாகச் சொன்னார். பிரின்சஸ் கட்டை முழுக்கப் பிரித்துத் தைத்தேன். போட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணாடி முன் நின்றவள், "எல்லாம் தொங்கிப் போச்சு. கல்யாணத்துக்கப்புறம் இதுக்கும் ஒண்ணு பண்ணிக்கணும்" என்றாள். அவளுக்கு வயது இருபத்தேழு இருக்கும். ஊசியை நிறுத்தினால் பெரும்பாலும் எடை திரும்புகிறது என்று தங்கை மகள் சொல்லியிருந்ததால், "ஊசி முடியட்டும், எடை எங்க வந்து நிக்குதுன்னு பாரு, பிள்ளை பெத்துக்கிற எண்ணம் இருந்தா அதுவும் ஆகட்டும், அப்புறம் டாக்டரைப் பாரு பாப்பா" என்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. எதற்கு என்றும் கேட்கவில்லை. அவள் அம்மாவுக்குத்தான் என்மேல் கோபம், நான் தடுப்பேன் என்று நினைத்திருக்கிறார்.

ஆசிரியை ஆபரேஷன் செய்துகொண்டாள். கை தூக்கி எழுதுகிறாள். அதன்பிறகு நாலு கிலோ ஏறி, மார்பில் ஓர் அங்குலம் கூடியது; பக்கத் தையலைப் பிரித்துவிட்டேன்.

மாசத்துக்கு ஒருநாள் ஞாயிற்றுக்கிழமை சித்தாந்த வகுப்புக்குப் போகிறேன். அங்கே பாதிப்பேர் ரிட்டயர்டு ஆட்கள். இறைவன் உயிர்களுக்கு மாயையிலிருந்து தனு, கரணம், புவனம், போகம் நாலையும் தருகிறான் என்ற பாடம் நடந்தது. உடம்பு, உள்கருவிகள், உலகம், நுகரும் பொருள். எல்லாம் சடம், உயிர் வேறு. பாடம் முடிந்ததும் எழுந்து கேட்டேன். "ஐயா, ஆபரேஷன் பண்ணி உள்ள வைக்கிற சிலிக்கான் தனுவா, புவனமா?"

எதற்குள் வைக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, புரிந்துவிட்டது. ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் ஒருவர் இருமினார். ஆசிரியர் கொஞ்சம் யோசித்து, "கழட்டி வைக்க முடியறது புவனம், முடியாதது தனுன்னு வெச்சுக்கலாமா? பல் செட்டு புவனம்" என்றார்.

"அப்ப என் பேஸ்மேக்கர்?" என்றார் போஸ்ட்மாஸ்டர். "பத்து வருஷத்துல மாத்தணும்னிருக்காங்க."

"சிலிக்கானையும் மாத்தணும்யா" என்றேன். "வயித்துலேர்ந்து எடுத்து நெஞ்சுல வைக்கிற கொழுப்புன்னா? அது சாப்பிடுது."

ஆசிரியர் சிரித்துவிட்டார். கொழுப்பும் சடம், சிலிக்கானும் சடம், இரண்டும் உயிர் இல்லை, அதனால் சித்தாந்தத்தில் இரண்டுக்கும் ஒரே தரம்தான் என்றார். அதில் எனக்குத் திருப்தி. கோயிலில் சிரித்தவர்களுக்கு இதைச் சொல்லலாம்: உன் சொந்தத் தொப்பையும் நீ இல்லை, அவள் வைத்துக்கொண்டதும் அவள் இல்லை, இதில் யார் யாரைப் பார்த்துச் சிரிப்பது. ஆனால் சாப்பிடுவதற்கும் சாப்பிடாததற்கும் வித்தியாசம் இல்லையா என்ற என் கேள்வி அப்படியே நிற்கிறது. ஒன்று என் பசியில் பங்கு கேட்கிறது, என் காய்ச்சலில் இளைக்கிறது. இன்னொன்று நான் பட்டினி கிடந்தாலும் அசையாது. இரண்டும் எப்படி எனக்கு ஒரே அந்நியம் ஆகும்? அடுத்த வகுப்பில் கன்மம் தொடங்குகிறது என்று புத்தகத்தை மூடிவிட்டார். கன்மத்தில் நுழைவதற்கு முன்னால் கையைத் தூக்கிவிட வேண்டும்.